மடையும் முறையும்: இல்லத்து இணையத்தை நேர்மையாகப் பங்கிடுதல்

(கல்விச் சங்க வெள்ளி விழாவில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நமக்கு முன்னர்ப் பேசிய அறிஞர்கள் உயர்கல்வி, உதவித்தொகை, சங்கத்தின் வரலாறு ஆகிய பெரும் பொருள்களைப் பற்றி அழகுற எடுத்துரைத்தனர். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சிறியது. ஒரு வீட்டிற்கு வரும் ஒரே இணையத் தொடர்பை அவ்வீட்டார் அனைவருக்கும், அவர்தம் கருவிகள் அனைத்திற்கும் எவ்வாறு நேர்மையாகப் பங்கிடுவது என்பதே அது. ‘இது வீட்டுச் சண்டைக்குரிய பொருள் அன்றோ? விழா மேடைக்கு இதனை ஏன் கொண்டுவந்தீர்?’ என்று சிலர் வினவக்கூடும். நாம் பொறியியல் கற்கவில்லை. பி.ஏ., பி.எட். படித்து, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் கற்பித்து வந்தவர்கள் நாம். எனினும் எம் இல்லத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதனைக் கற்றே ஆகவேண்டும் என்னும் நிலைக்கு எம்மைக் கொண்டுவந்தது. கற்றதை உங்கள் முன் வைக்கின்றோம்.

இச்சங்கம் தொடங்கப்பெற்ற காலத்தில் நம் தெருவில் எவர் வீட்டிலும் இணையம் இல்லை. தேர்வு முடிவு பார்க்க வேண்டுமெனின் பேருந்து ஏறி நகரத்திற்குச் சென்று, ‘பிரவுசிங் சென்டர்’ வாயிலில் காத்திருந்து, மணிக்கு இவ்வளவு என்று பணம் கட்டிப் பார்த்து வந்தோம். இன்றோ கல்லூரி விண்ணப்பமும், உதவித்தொகை விண்ணப்பமும், அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் விண்ணப்பமும் இணையத்தின் வழியாகவே செல்கின்றன. ஆகவே, வேண்டிய நாழிகையில் வேண்டிய பிள்ளைக்கு இணையம் கிட்டுகிறதா இல்லையா என்பது இனி வீட்டுச் சண்டை அன்று. அது கல்வியைப் பற்றிய வினா.

எம் இல்லத்தில் நடந்தது

2021ஆம் ஆண்டு. கொரோனாக் கொடுநோயின் காரணமாகக் கல்லூரிகள் மூடப்பட்டிருந்த காலம். எம் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயின்று கொண்டிருந்தாள். ஒருநாள் முற்பகல் அவளுக்கு இணையவழி வாய்மொழித் தேர்வு. அன்று எம் வீட்டில் இருந்தது தொலைபேசிக் கம்பி வழியாக வரும் பழைய பிராட்பேண்டு இணைப்பு. வெளியிலிருந்து வீட்டிற்குள் வரும் வேகம் நொடிக்கு 8 மெகாபிட். வீட்டிலிருந்து வெளியே செல்லும் வேகம் நொடிக்கு 1 மெகாபிட்.

தேர்வாளர் வினாத் தொடுத்தார். மகள் விடை கூறினாள். அவள் கூறியது அங்கே துண்டு துண்டாகச் சென்றது. ‘குரல் கேட்கவில்லை, மீண்டும் சொல்’ என்றார். மீண்டும் சொன்னாள். அதுவும் சரியாகச் செல்லவில்லை. மூன்றாம் முறைக்குப் பின் அவர் அடுத்த மாணவியை அழைத்துவிட்டார். எம் மகள் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

நாம் செய்தது யாது? அடுத்த அறைக்கு விரைந்தோம். அங்கே பத்தாம் வகுப்புப் படிக்கும் எம் மகன் ஏதோ காணொளி பார்த்துக் கொண்டிருந்தான். ‘அக்காவின் தேர்வைக் கெடுத்தவன் நீயே’ என்று கடிந்து, கைப்பேசியைப் பறித்து வைத்தோம். அவன் மறுமொழி பேசவில்லை. ஆயினும் இணைப்பு சீராகவில்லை. நண்பகல் கடந்தும் மகளின் தோழியர் அவள் குரலைச் சரியாகக் கேட்க இயலவில்லை.

மாலையில் மகன் எம்மிடம் வந்து, ‘அப்பா, உங்கள் கைப்பேசியைக் கொஞ்சம் கொடுங்கள்’ என்றான். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் காட்டினான். முந்தைய நாள் பள்ளியில் பாடநூல் வழங்கியபோது எடுத்த படங்களும், பதிவேடுகளைப் பக்கம் பக்கமாக எடுத்த படங்களும் 300க்கு மேல் இருந்தன. அவை அனைத்தும் நம்மைக் கேளாமலே காப்புப் படிகளாக வெளியே சென்றுகொண்டிருந்தன. குற்றவாளி அவன் அல்லன், நாமே! பிறர் மேல் கை நீட்டுவதற்கு முன் நம் சட்டைப் பையைப் பார்க்கத் தவறினோம். மகனிடம் மன்னிப்புக் கேட்டோம். மறுநாள் கல்லூரி மகளுக்கு மீண்டும் ஒரு வாய்ப்பு அளித்தது. அளிக்காமல் போயிருந்தால்? அவ்வினா இன்றும் எம் நெஞ்சை உறுத்துகின்றது.

வரிசையில் நின்ற குரல்

கணக்குப் பார்ப்போம். ஒரு படம் ஏறத்தாழ 4 மெகாபைட். ஒரு பைட்டுக்கு 8 பிட். ஆகவே ஒரு படம் 32 மெகாபிட். நொடிக்கு 1 மெகாபிட் செல்லும் வழியில் ஒரு படம் செல்ல 32 நொடி ஆகும். 300 படங்களுக்கு 9,600 நொடி, அதாவது 2 மணி 40 நிமிடம். மகளின் தேர்வு முழுவதும் அந்நேரத்திற்குள் அடங்கிவிட்டது. மகன் பார்த்த காணொளியோ உள்ளே வரும் வழியைப் பயன்படுத்தியது. வெளியே செல்லும் வழியை அது சிறிதளவே தொட்டது.

ஆனால் இங்கு ஓர் ஐயம் எழும். மனிதக் குரலைக் கொண்டுசெல்ல 1 மெகாபிட்டில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டா. அவ்வளவு சிறிய பொருளுக்கு இடம் இல்லாமற் போனது ஏன்? எம்மிடம் பயின்று இப்போது கணிப்பொறி இணைப்புப் பணி செய்யும் பழைய மாணவர் ஒருவர் இதற்கு விடை கூறினார்.

‘ஐயா, இடம் இல்லாமல் இல்லை, வரிசையே நீண்டுவிட்டது’ என்றார் அவர்.

அஞ்சலகத்தை எண்ணிப் பாருங்கள். ஒரே சாளரம். 300 பதிவுத் தபால்களைச் சுமந்து ஒருவர் முன்னே நிற்கின்றார். ஒரே ஓர் அஞ்சல்தலை வாங்க வந்த மூதாட்டி அவருக்குப் பின்னே நிற்கின்றார். மூதாட்டிக்கு வேண்டியது அரை நிமிட வேலை. காத்திருப்பதோ அரைநாள். இணையத்தில் செய்திகள் யாவும் சிறு சிறு பொட்டலங்களாகவே செல்கின்றன. வீட்டிலுள்ள ரூட்டர் பெட்டி அவற்றை வந்த வரிசைப்படி வெளியே அனுப்புகின்றது. உடனே அனுப்ப இயலாதவற்றைத் தன் நினைவகத்தில் நிறுத்தி வைக்கின்றது. அவ்விடம் 256 கிலோபைட் என்று கொள்வோம். அது நிறைந்துவிட்டால், 1 மெகாபிட் வழியில் அதனைக் காலி செய்ய ஏறத்தாழ 2 நொடி ஆகும். ஆக, மகள் பேசிய ஒவ்வொரு சொல்லும் 2 நொடி வாயிலில் நின்றது. நினைவகம் நிறைந்தபின் வந்த சொல் தள்ளுண்டு போயிற்று. உரையாடல் இடரின்றி நடக்க வேண்டுமாயின் ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருத்தல் நன்று என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. நாம் கொடுத்ததோ அதனைப் போல் 13 மடங்கு.

இக்குறை எம் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கப் பொறியாளர் ஜிம் கெட்டிஸ் 2010ஆம் ஆண்டில் தம் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை அனுப்பியபோது, ஒரு நொடிக்கு மேற்பட்ட தாமதத்தைக் கண்டு காரணம் தேடினார். நினைவகம் மலிந்தமையால், பெட்டி செய்வோர் காத்திருக்கும் இடத்தை அளவின்றிப் பெருக்கிவிட்டனர் என்று அவர் எடுத்துக் காட்டினார். ‘பஃபர்புளோட்’ என்று அதற்குப் பெயரும் இட்டார். காத்திருக்கும் திண்ணை பெரிதானால் அஞ்சலகத்தில் வேலை விரைவாக நடக்குமோ? நடவாது. காத்திருப்போர் தொகையே பெருகும்.

நீர்க்கட்டி கற்பிக்கும் பாடம்

இளைஞர்களே! பொதுவான ஒன்றைப் பங்கிடும் கலை நமக்குப் புதிதன்று. தென்மாவட்டங்களின் ஏரிப் பாசன ஊர்களில் நீர்க்கட்டி என்றும், நீர்பாய்ச்சி என்றும், கம்புகட்டி என்றும் அழைக்கப்பட்ட பணியாளர் இருந்தனர். மடையைத் திறப்பதும் அடைப்பதும், எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் நீர் செல்ல வேண்டும் என்று கணிப்பதும் அவர் தொழில். பல ஊர்களில் அப்பணி நம் முன்னோர் கையில் இருந்தது. நீர் குறைந்த காலத்தில் நிலமுடையோர் எவரும் தம் வயலுக்குத் தாமே மடை வெட்டக் கூடாது. நீர்க்கட்டி ஒருவரே தலைமடை முதல் கடைமடை வரை முறை வைத்துப் பாய்ச்சுவார். அவருக்கு நிலம் இல்லாமையால் எப்பக்கமும் சாயார் என்று ஊர் நம்பியது.

இதனைச் சொல்லும்போது பெருமையும் எழுகின்றது; வேதனையும் எழுகின்றது. ஒரு செண்டு நிலமும் தமக்கு இல்லாதோர், ஊர் முழுவதற்கும் நீரை நேர்மையாகப் பங்கிட்டனர். அறுவடையில் கிடைத்த தானியமே அவர் கூலி. அந்நிலையை நாம் போற்ற வரவில்லை. ஆனால் அவர்கள் அறிந்திருந்த ஓர் உண்மையை இழக்கவும் ஒப்போம். முறை இல்லாத வாய்க்காலில் தலைமடைக்காரரே வெல்வார், கடைமடை காயும் என்பதே அவ்வுண்மை. ஏரியைப் பெரிதாக்கினாலும் இது மாறாது. மடையில் முறை வேண்டும்.

இணையத்தை அமைத்தோரும் இதனை இடர்ப்பட்டே கற்றனர். 1986ஆம் ஆண்டு அக்டோபரில், அமெரிக்காவின் லாரன்சு பெர்க்கிலி ஆய்வகத்திற்கும் ஏறத்தாழ 400 கெஜத் தொலைவே உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற்கும் இடையே, நொடிக்கு 32,000 பிட் சென்ற வழியில் 40 பிட் மட்டுமே சென்றது. வழி அறுந்துவிடவில்லை. ஒவ்வொரு கணிப்பொறியும் தன் பொட்டலம் போய்ச் சேரவில்லை என்று மீண்டும் மீண்டும் அனுப்பி, நெரிசலை வளர்த்துவிட்டது. வேன் ஜேக்கப்சன் இதனை ஆராய்ந்தார். நெரிசல் கண்டால் அனுப்புவோர் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் முறையை வகுத்து, 1988ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

ஆனால் எல்லாரும் தாமே அடங்கி நடப்பர் என்று நம்ப இயலுமா? அதற்கு முன்பே, 1985ஆம் ஆண்டில், ஜான் நேகிள் என்பவர் வேறொரு வழி கூறியிருந்தார். எல்லாருக்கும் ஒரே வரிசை வைக்காமல், அனுப்பும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரிசை வைத்து, வரிசைக்கு ஒரு பொட்டலமாக முறை சுற்றி எடுக்க வேண்டும் என்பதே அது. 300 தபால் கொண்டுவந்தவர் தம் வரிசையில் நிற்பார். ஓர் அஞ்சல்தலை வேண்டும் மூதாட்டி தம் வரிசையில் முதல் ஆளாக நிற்பார். மிகுதியாக அள்ளுவோர் தம் வரிசையைத்தான் நீட்டிக்கொள்வர். பிறர் வரிசையை நீட்ட இயலாது. பேராசைக்கு ஊதியம் இல்லாமற் செய்யும் முறை இது.

1989ஆம் ஆண்டில் டெமர்ஸ், கேசவ், ஷெங்கர் ஆகிய மூவர் இதனைச் செம்மைப்படுத்தினர். பொட்டலத்தின் எண்ணிக்கையை மட்டும் பாராமல் அதன் அளவையும் பார்த்தனர். 2012ஆம் ஆண்டில் கேத்லீன் நிக்கோல்சும் ஜேக்கப்சனும், பொட்டலங்கள் வரிசையில் காத்திருக்கும் காலத்தை அளந்து நெரிசலை அடக்கும் ‘கோடெல்’ முறையைத் தந்தனர். தனி வரிசையும் கோடெலும் இணைந்த ‘எஃப்.க்யூ. கோடெல்’ 2018ஆம் ஆண்டில் ஆர்.எஃப்.சி. 8290 என்னும் ஆவணமாக வெளியாயிற்று. நம் வீட்டுப் பெட்டிக்குள் அமரக்கூடிய நீர்க்கட்டி இதுவே.

சம பங்கு என்றால் என்ன?

இப்போது நொடிக்கு 40 மெகாபிட் வரும் ஒரு வீட்டைக் கருதுவோம். மகளின் இணைய வகுப்புக்கு 2 மெகாபிட் வேண்டும். பாட்டி பார்க்கும் தொடருக்கு 5 வேண்டும். தாயின் கைப்பேசிக்கு 1 போதும். மகன் பதிவிறக்கும் விளையாட்டோ 50 ஜிகாபைட். எவ்வளவு கொடுத்தாலும் கொள்ளும்.

நால்வருக்கும் ஆளுக்கு 10 என்று வேலியிட்டால் என்ன ஆகும்? மகளிடம் 8 மீதி, பாட்டியிடம் 5 மீதி, தாயிடம் 9 மீதி. ஆக 22 மெகாபிட் எவருக்கும் பயனின்றிக் கிடக்கும். நள்ளிரவில் மூவர் உறங்கும்போதும் மகனுக்கு 10 மட்டுமே கிட்டும். இது சமம்தான், அறிவுடைமை அன்று. நேர்மையான முறை வேறு. குறைவாகக் கேட்போருக்கு முதலில் அவர் கேட்டதை முழுதாகக் கொடு. எஞ்சியதை மிகுதியாகக் கேட்போருக்குப் பங்கிடு. 2ம் 5ம் 1ம் சேர்ந்து 8. எஞ்சிய 32ம் மகனுக்கே. அவன் விளையாட்டு 40 மெகாபிட்டில் 2 மணி 47 நிமிடத்தில் இறங்கும்; 32 மெகாபிட்டில் ஏறத்தாழ 3 மணி 28 நிமிடத்தில் இறங்கும். முக்கால் மணி நேரத்திற்கும் குறைவான காத்திருப்பில் மற்ற மூவர் பணியும் தடையின்றி நடக்கும். நேர்மை என்பது பெரிதாகக் கேட்பவனைப் பட்டினி போடுவதன்று. சிறிதாகக் கேட்பவரை அவன் பின்னே நிறுத்தாமல் இருப்பது.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. எதை எண்ணிப் பங்கிடுவது? தொடர்பு ஒன்றுக்கு ஒரு பங்கு என்று வைத்தால், சில பதிவிறக்கச் செயலிகள் ஒரே நேரத்தில் 30 தொடர்புகளைத் திறந்துகொள்ளும். மகளின் வகுப்பு ஒரே தொடர்பு. 31 பங்கில் 30 அவனுக்கும் 1 அவளுக்கும் செல்லும். முப்பது கை நீட்டியவனுக்கு முப்பது பிடி சோறு என்றால் அது பந்தி முறை ஆகுமா? ஆகையால் முதலில் கருவிக்கு ஒரு பங்கு என்று பிரித்து, அதன் பின்னரே அக்கருவிக்குள் தொடர்புகளுக்குப் பிரிக்க வேண்டும். 2018ஆம் ஆண்டில் லினக்ஸ் இயங்குதளத்தில் சேர்க்கப்பட்ட ‘கேக்’ என்னும் முறை இதனைச் செய்யவல்லது.

ஆயினும் மூன்று கருவி வைத்திருக்கும் ஒருவருக்கு மூன்று பங்கும், ஒரே பழைய கைப்பேசி வைத்திருக்கும் பாட்டிக்கு ஒரு பங்கும் கிடைக்குமே! ஆம். பெட்டி கருவியை எண்ணும், மனிதரை எண்ணாது. தேர்வு எது, பொழுதுபோக்கு எது என்பதையும் அது தானாக அறியாது. அவ்விடத்தில் பொறியியல் முடிகின்றது. குடும்பத்தார் கூடிப் பேசுவது தொடங்குகின்றது.

பின்கட்டு அறை

கம்பியில்லா வைஃபையில் வேறு வகைச் சிக்கல் ஒன்று உண்டு. அங்கே பங்கிடப்படுவது வேகம் மட்டுமன்று. காற்றில் பேசும் நேரமுமாகும். ஒரே அலைத்தடத்தில் ஒரு வேளையில் ஒரு கருவியே பேச வேண்டும். முன்னறையில் ஒரு கருவி 54 மெகாபிட் வேகத்திலும், பின்கட்டில் ஒரு கருவி 6 மெகாபிட் வேகத்திலும் பேசுவதாகக் கொள்வோம். இருவருக்கும் பொட்டலத்திற்குப் பொட்டலம் சமமாக முறை வைத்தால், கணக்கின்படி இருவருக்கும் 5.4 மெகாபிட்டே கிட்டும். மெதுவாகப் பேசுவோர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க நேர்வதே காரணம். கிரனோபிள் நகரத்து ஆய்வாளர்கள் 2003ஆம் ஆண்டில் இதனை வெளிப்படுத்தினர். பொட்டலத்திற்குப் பதிலாக நேரத்தைச் சமமாகப் பங்கிட்டால் முன்னறைக்கு 27ம் பின்கட்டுக்கு 3ம் கிட்டும்.

இவற்றுள் எது நேர்மை? இரண்டிலும் ஒரு நேர்மை உண்டு. ஆனால் நாம் கேட்க வேண்டிய முதல் வினா அதுவன்று. பின்கட்டில் இருப்போர் ஏன் மெதுவாகப் பேச நேர்ந்தது என்பதே முதல் வினா. எம் வீட்டில் ரூட்டர் பெட்டி முன்னறையில் இரும்புப் பீரோவுக்குப் பின்னால் இருந்தது. பின்கட்டில் இருந்தவர் எம் தாயார். அவரது கைப்பேசி பழையது என்று பழித்துக் கொண்டிருந்தோம். பெட்டியை எடுத்து நடுக்கூடத்தில் உயரமாக மாட்டிய பின் அதே பழைய கைப்பேசி நன்றாக இயங்கியது. பின்தங்கியவரைப் பழிப்பதற்கு முன், அவர் எங்கே இருத்தப்பட்டிருக்கின்றார் என்று பார்க்க வேண்டும். இப்பாடத்தை நாம் வகுப்பறையிலும் பல முறை கண்டதுண்டு.

செய்ய வேண்டியவை

கேட்டுவிட்டுப் போவதற்காக இதனைச் சொல்லவில்லை. இல்லம் திரும்பியதும் செய்யத்தக்கவற்றை முறையாகக் கூறுகின்றோம்.

முதலாவது, அளந்து பாருங்கள். காலையிலும் இரவிலும், உள்ளே வரும் வேகம், வெளியே செல்லும் வேகம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் பெரிய கோப்பை அனுப்பும்போது மற்றொருவர் பேசிப் பாருங்கள். தனியே நன்றாக இருந்த குரல் அப்போது தடுமாறினால், வரிசை நீள்கிறது என்று அறியலாம். அந்நிலையில் அதிகப் பணம் கட்டிப் பெரிய திட்டம் வாங்குவது மட்டும் நோயைத் தீர்க்காது.

இரண்டாவது, காத்திருக்கக் கூடியவற்றைக் காத்திருக்கச் செய்யுங்கள். படங்களின் காப்புப் படியும், செயலிகளின் புதுப்பிப்பும், பெரும் பதிவிறக்கமும் இரவு 11 மணிக்குப் பின் நடக்கலாம். திரைப்படம் முன்கூட்டியே சிறிது சேமித்துக்கொண்டு ஓடும். ஒரு கணம் தாமதித்தால் கெடாது. உயிருள்ள வகுப்பும், நேர்காணலும், தேர்வும் காத்திருக்க மாட்டா.

மூன்றாவது, இடம்பெயராத கருவிக்குக் கம்பி போடுங்கள். தொலைக்காட்சி ஒரே இடத்தில் இருப்பது. அதற்கு ஈத்தர்நெட் கம்பி இட்டால் காற்றில் உள்ள நேரம் கைப்பேசிகளுக்கு மிஞ்சும்.

நான்காவது, ரூட்டர் பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து ‘க்யூ.ஓ.எஸ்.’ அல்லது ‘எஸ்.க்யூ.எம்.’ என்னும் பகுதி உண்டா என்று பாருங்கள். ‘எஃப்.க்யூ. கோடெல்’, ‘கேக்’ என்னும் பெயர் காணப்பட்டால் அதனைத் தேர்ந்தெடுங்கள். அளந்த வேகத்தில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை அங்கே குறியுங்கள். 40 மெகாபிட் வந்தால் 36 என்று எழுதுங்கள். வெளியே செல்லும் வழிக்கும் அவ்வாறே செய்யுங்கள். பத்தில் ஒரு பங்கை ஏன் விட வேண்டும்? முழு வேகத்தையும் எழுதினால் வரிசை நம் பெட்டியில் நில்லாது. இணைப்புத் தரும் நிறுவனத்தின் பெட்டியில் போய் நிற்கும். அங்கே நம் முறை செல்லாது. மடை நம் எல்லைக்குள் இருந்தால்தான் நம் நீர்க்கட்டி அதனைத் திறந்து அடைக்க இயலும். இவ்வசதி இல்லாத பெட்டியாயின், ‘ஓப்பன்-டபிள்யூ-ஆர்-டி’ என்னும் இலவச மென்பொருளை ஏற்கும் வேறொரு ரூட்டரை அதன் பின்னே இணைக்கலாம். நம் சங்கத்தின் இளைஞருள் கணிப்பொறி பயின்றோர் ஓர் ஞாயிற்றுக்கிழமை முன்வந்தால் ஒரு தெருவுக்கே இதனைச் செய்து கொடுக்கலாம்.

ஐந்தாவதாக ஓர் எச்சரிக்கை. முறை வைப்பதால் நீர் பெருகிவிடாது. 15 மெகாபிட் கேட்கும் மிகத் தெளிவான காணொளி ஐந்து திரைகளில் ஓடினால் 75 மெகாபிட் வேண்டும். 40 மெகாபிட்டில் எந்த நீர்க்கட்டியும் அதனை நிறைவேற்ற இயலாது. அப்போது காணொளியின் தெளிவைக் குறைக்க வேண்டும். அல்லது பெரிய இணைப்பு வாங்க வேண்டும். முறை வைத்த பின்னும் போதவில்லை என்றால் மட்டுமே பணம் செலவிடுங்கள்.

திறவுகோல் எவர் கையில்?

இறுதியாகப் பெற்றோர்க்கு ஒரு சொல். வீட்டின் கடவுச்சொல் பெரும்பாலும் ஆண்மக்கள் கையில் இருக்கின்றது. சினம் வந்தால் இணையத்தை அணைப்பது எளிய தண்டனையாகிவிட்டது. பெண்பிள்ளை கைப்பேசியில் இருந்தால் ஐயப்படுவதும், ஆண்பிள்ளை இருந்தால் படிக்கின்றான் என்று எண்ணுவதும் பல வீடுகளில் உண்டு. சமையலறைப் பணி முடித்து அவள் அமரும் இரவு 9 மணிக்குத்தான் வீட்டில் எல்லாரும் திரைப்படம் பார்க்கின்றனர். கடைமடை எங்கோ தொலைவில் இல்லை, நண்பர்களே. அது நம் வீட்டிற்குள்ளேயே இருக்கின்றது.

கேரளத்தில் ஒரு கல்லூரி விடுதியில், கைப்பேசியைக் குறிப்பிட்ட நேரத்தில் ஒப்படைக்க மறுத்த மாணவி வெளியேற்றப்பட்டார். அவ்வழக்கில் 2019ஆம் ஆண்டில் தீர்ப்பளித்த கேரள உயர்நீதிமன்றம், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று கூறியது. நீதிமன்றம் விடுதிக்குச் சொன்னதை வீட்டிற்கும் சொன்னதாகவே நாம் கொள்வது நன்று.

எம் இல்லத்தில் இப்போது ஒரு வழக்கம் உண்டு. ஞாயிறு மாலை அனைவரும் அமர்ந்து, அவ்வாரத்தில் எவருக்கு என்று தேர்வு, எவருக்கு என்று நேர்காணல் என்று நாட்காட்டியில் எழுதுகின்றோம். அந்நாழிகையில் பெரும் பதிவிறக்கத்தை எவரும் தொடங்குவதில்லை. கடவுச்சொல்லை மகளும் அறிவாள், மகனும் அறிவான், எம் துணைவியாரும் அறிவார். முறையை மீறியவர் நாமாயினும் கேட்கும் உரிமை அனைவருக்கும் உண்டு. அவ்வுரிமையை எம் மகன் இருமுறை பயன்படுத்தியுள்ளான் என்பதையும் மறைக்காமல் கூறுகின்றோம்.

நம் சங்கத்தின் மாலைநேரப் படிப்பகத்திலும் ஒரே இணைப்புதான் உள்ளது. விண்ணப்பத்தின் கடைசி நாளில் அதில் எத்தனை பேர் முட்டி மோதுகின்றனர் என்பதைச் செயலாளர் அறிவார். அங்கே இவ்வகை முறையை ஏற்படுத்தி, அதனைச் சுவரில் எழுதி ஒட்ட வேண்டும் என்பது எம் விண்ணப்பம். எழுதி ஒட்டாத முறை வலியவருக்கே உதவும்.

நம் முன்னோர் பிறர் வயலுக்கு நீரைப் பங்கிட்டனர். இன்று நம் வீட்டிற்கும் ஒரு வாய்க்கால் வந்திருக்கின்றது. அதில் வருவது அறிவு. தலைமடையில் இருப்போர் கடைமடையை மறவாமல் இருப்பாராக. இன்று இரவு இல்லம் சென்றதும், பிள்ளையைக் கடிவதற்கு முன், உங்கள் கைப்பேசியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

கல்வி வளர்க! சங்கம் வாழ்க!